ஹெல்மெட்டுக்குள் செத்த சீட்டு

காலையில் நீலசந்திராவில் கிளம்பிப் பீன்யாவுக்குப் போகிற கம்பெனி பஸ்ஸில், டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசை, நடைபாதை ஓரத்து இடம் குணசேகருடையது. யாரும் அதை அவனுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் தெரியாத்தனமாக வேறு ஆள் அங்கே உட்கார்ந்துவிட்டால் பஸ்ஸே சேர்ந்து எழுப்பிவிடும். "எழுந்திரு குரு, சீட்டு படிக்கிறவரு இடம் அது." பெங்களூர்ப் பேச்சில் யாரும் யாருக்கும் 'குரு'தான்; ஆனால் இந்த ஊரில் அவனுக்கென்று கிடைத்த மரியாதை மொத்தமும் அந்த ஒரு இடத்தில்தான் இருந்தது. அதில் யாராவது கை வைத்தால் அவனுக்குப் பற்றிக்கொண்டு வராமல் என்ன செய்யும்?

வேறு எங்கே இருக்கிறது மரியாதை? கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் லைன் வீட்டில் பிறந்தவன். அப்பா சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடியதும் குடும்பம் பெட்டி படுக்கையோடு பெங்களூருக்கு வந்தது. ஐ.டி.ஐ. படித்தான், பம்ப் உறுப்புகள் வார்க்கிற கம்பெனியில் சேர்ந்தான், சேர்ந்த இடத்திலேயே இன்னும் இருக்கிறான். வேலையில் சூப்பர்வைசர் சொல்வார், இவன் செய்வான். வீட்டில் மனைவி யசோதா சொல்வாள், இவன் செய்வான். மகளுக்கு ஏதாவது சந்தேகம் வந்தால் போனைக் கேட்பாளே தவிர அப்பனைக் கேட்க மாட்டாள். 'இதுக்கு நீ என்னா சொல்றே?' என்று அவனைக் கேட்கிற ஒரே இடம் அந்த பஸ்தான்.

முன்பெல்லாம் பஸ்ஸில் ரம்மி ஆடினார்கள். ஒரு நாள் அது சட்டையைப் பிடிக்கிற அளவுக்குப் போய், கம்பெனி ரம்மிக்குத் தடை போட்டது. அப்புறம்தான் முனிராஜ் 'பேட்டெ' ஆட்டத்தைக் கொண்டுவந்தான். முனிராஜ் இவனோடு ஒரே பிரிவில் வேலை செய்கிறவன். நண்பன், ஆட்டத்தில் ஜோடி. பேட்டெ என்றால் கன்னடத்தில் கடைவீதி. பெங்களூரிலேயே யாரோ இளவட்டங்கள் யோசித்து அச்சடித்த சீட்டாட்டம். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு கடையோ ஒரு ஆளோ இருக்கும். பூக்காரி, டெய்லர், போளி வண்டி, டிராஃபிக் போலீஸ். கீழே அந்தச் சீட்டு என்ன செய்யும் என்று கன்னடத்திலும் இங்கிலீஷிலும் இரண்டு வரி. யார் தெருவில் முதலில் ஏழு கடை திறக்கிறதோ அவர்கள் ஜெயித்தார்கள்.

சுலபம்தான். ஆனால் அந்த இரண்டு வரி இருக்கிறதே, அச்சடித்தவர்கள் பாதியைச் சொல்லி மீதியை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டார்கள். 'கடையை மூடு' என்றிருக்கும். யார் கடையை, எத்தனை சுற்றுக்கு, ஒன்றும் இருக்காது. அங்கேதான் சண்டை வரும். அங்கேதான் குணசேகரும் வருவான். சீட்டை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூக்குக்குக் கிட்டே பிடித்து, உதட்டை அசைத்துப் படிப்பான். பஸ் மூச்சு விடாமல் காத்திருக்கும். "இது எதிராளி கடைக்குத்தான். நம்ம கடைக்குக் கிடையாது" என்பான். அவ்வளவுதான், அப்பீலே கிடையாது.

ஓடுகிற பஸ்ஸில் சீட்டைப் பரப்ப இடம் ஏது? டிபன் பையை முழங்கால்மேல் வைத்து அதன்மேல் ஆடுவார்கள். ஆடி முடித்த சீட்டுக்குச் செத்த சீட்டு என்று பெயர். அதைப் பக்கத்தில் வைத்தால் மேக்ரி சர்க்கிளில் டிரைவர் போடுகிற பிரேக்கில் பறந்து இருக்கைக்கு அடியில் போய்விடும். அதனால் குணசேகர் வேலையில் போடுகிற மஞ்சள் ஹெல்மெட்டை மல்லாத்தி வைத்து, எல்லோருடைய செத்த சீட்டையும் அதற்குள் போட்டார்கள். பழைய சாமான் வாங்குகிறவன் படம் போட்ட 'குஜிரிக்காரன்' என்று ஒரு சீட்டு உண்டு. 'செத்த சீட்டுகளில் ஒன்றை எடுத்துக்கொள்' என்று மட்டும் அதில் எழுதியிருக்கும். யாருடைய செத்த சீட்டு? குணசேகர் முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டான். "ஹெல்மெட்ல இருக்கிற எதை வேணா எடுத்துக்கலாம்." ஹெல்மெட் ஒன்றுதானே இருக்கிறது, அதற்குமேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இப்படிக் கொடி கட்டிப் பறந்துகொண்டிருந்தவன் பஸ்ஸில்தான் ஒரு நாள் சங்கமித்ரா ஏறினாள். டிப்ளமா படித்துவிட்டு, வார்த்த உருப்படிகளைச் சோதிக்கிற பிரிவில் புதிதாகச் சேர்ந்தவள். அவளும் தங்கவயல்காரிதான், அவள் அப்பாவும் சுரங்கத்தில் இருந்தவர்தான். வந்த புதிதில் வேடிக்கை பார்த்தாள். பிறகு ஆட உட்கார்ந்தாள். பிறகு வாயைத் திறந்தாள், அதோடு போயிற்று குணசேகரின் நிம்மதி.

அன்றைக்குப் பிரச்சினை 'மழை' சீட்டு. 'திறந்திருக்கும் கடைகள் ஒரு சுற்றுக்கு மூடப்படும்' என்று அதில் இருந்தது. முனிராஜ் மழையை இறக்கிய பிறகு சங்கமித்ரா ஒரு டெய்லர் கடையைத் திறந்தாள். குணசேகர் கண்ணாடியை ஏற்றி, படித்து, "மழைன்னா எல்லாக் கடையும்தான். இதையும் மூடு" என்றான்.

"அண்ணா, ஒரே ஒரு டவுட்டு" என்றாள் அவள். "மழை பெய்றப்ப என் கடை திறக்கவே இல்ல. அப்புறம்தான் திறந்தேன். திறந்திருக்கிற கடைன்னுதானே போட்டிருக்கு? குடை வச்சுக்கிட்டு வந்து திறந்தேன்னு வச்சுக்குங்களேன்."

பஸ் குபீரென்று சிரித்தது. டிரைவர்கூடச் சிரித்தார். "அட, கரெக்டுதானே குரு!" என்று முனிராஜ் தொடையைத் தட்டினான். ஜோடிக்காரனே அந்தப் பக்கம் சாய்ந்தால் இவன் யாரிடம் போய்ச் சொல்வான்? "சரி, சரி, அப்படியும் வச்சுக்கலாம்" என்று மென்று விழுங்கினான். அவள் டெய்லர் கடை திறந்தே இருந்தது.

அன்று பிடித்த எரிச்சல் தணியவே இல்லை. அவள் சொன்னது தப்பாக இருந்திருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். சரியாக அல்லவா சொல்லித் தொலைத்தாள்! அதற்கப்புறம் சந்தேகம் வந்தால் சீட்டு முதலில் இவனிடம்தான் வரும். இவன் சொன்னதும் எல்லோரும் ஒரு நொடி அவள் முகத்தைப் பார்ப்பார்கள். அவள் தலையாட்டினால்தான் ஆட்டம் நகரும். அந்த ஒரு நொடி இருக்கிறதே, அதில் இவன் வயிறு கபகபவென்று எரியும். அவள் சிரித்தால் பொறுக்காது, சிரிக்காவிட்டால் திமிர் என்பான். அவள் 'அண்ணா' என்று கூப்பிடுவதுகூடக் கிண்டலாகவே காதில் விழுந்தது.

ராத்திரி சாப்பிடும்போது "ரசத்துல உப்பே இல்ல" என்று தட்டைத் தள்ளினான்.

"உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றாள் யசோதா. "இன்னைக்கு அந்தப் பொண்ணு எந்தச் சீட்டைப் படிச்சா, அதைச் சொல்லுங்க."

"அவ பேச்சை எடுக்காதே."

"நானா எடுக்கறேன்? ஒரு மாசமா இந்த வீட்டுல அவ பேச்சுதான். கட்டிக்கப்போற பொண்ணைப் பத்திக்கூட எவனும் இவ்வளவு நினைக்க மாட்டான்." மகள் களுக்கென்று சிரித்தாள். குணசேகர் கை கழுவ எழுந்துபோனான்.

இந்த எரிச்சலுக்கு அடியில் ஒரு பயமும் கிடந்தது, அதை அவன் யசோதாவிடம்கூடச் சொன்னதில்லை. பேட்டெ அச்சடித்தவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு சர்ச் ஹாலை எடுத்துப் போட்டி நடத்துவார்கள். போன வருஷம் தனியாள் போட்டி. பஸ் சார்பில் குணசேகர் ஒருவன்தான் போனான். போனவன் முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்வினான். காரணம் அந்தக் குஜிரிக்காரன். அங்கே மேஜை மேஜையாக, ஆளுக்கொரு செத்த சீட்டுக் குவியல். இவன் பழக்கத்தில் எதிராளியின் குவியலில் கை வைத்தான். சத்தம் கிளம்பியது. நடுவர்கள் கூடிப் பேசிவிட்டு, "அவங்கவங்க குவியல்ல இருந்துதான் எடுக்கணும்" என்று முடிவு சொன்னார்கள். திங்கட்கிழமை பஸ்ஸில் "என்னாச்சு?" என்று கேட்டபோது, "எனக்குச் சீட்டே விழல" என்றான். குஜிரிக்காரனைப் பற்றி மூச்சு விடவில்லை. இத்தனை வருஷமாகத் தான் சொல்லிவந்த தீர்ப்பு தப்பு என்று எந்த வாயால் சொல்வான்? ஹெல்மெட் பாட்டுக்கு ஒரே ஹெல்மெட்டாக இருந்தது.

இந்த வருஷம் ஜோடிப் போட்டி என்று அறிவித்தார்கள். குணசேகர் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிவைத்தான். அதற்கு மறுநாள் கொரகுண்டேபாளையா நெரிசலில் பஸ் நின்றிருந்தபோது முனிராஜ் தலையைச் சொறிந்துகொண்டே பேச்சை ஆரம்பித்தான்.

"தப்பா நினைச்சுக்காதே குரு. இந்தத் தடவை நான் சங்கமித்ராவோட ஆடலாம்னு பாக்கறேன். உனக்குத்தான் போன தடவை சீட்டு விழலியே."

"ஆடேன். என்னை எதுக்குக் கேக்கறே?"

"கோவமா?"

"எனக்கென்ன கோவம்? ஏன் சும்னே கேட்டதையே கேக்கறே!" என்று கத்தினான். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. காதல் தோல்விகூட இவ்வளவு வலித்திருக்காது. பீன்யா வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான்.

போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம், வீடு திரும்புகிற பஸ்ஸில் சங்கமித்ரா எழுந்து அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணா, நீங்கதான் அங்க போய் ஆடியிருக்கீங்க. நாங்க தெரிஞ்சுக்க வேண்டியது ஏதாச்சும் இருக்கா? பஸ்ல ஆடறதுக்கும் அங்க ஆடறதுக்கும் வித்தியாசம் இருக்குமா?"

இதைவிட நேராக எப்படிக் கேட்பது? குஜிரிக்காரன் அவன் தொண்டைவரை வந்துவிட்டான். அவளைப் பார்த்தான். கண்ணை அகல விரித்து, பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் முனிராஜ் அவளுடைய பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். இத்தனை காலம் இவன் பை இருந்த மடி அது.

"ஒண்ணும் வித்தியாசம் இல்லம்மா. நல்லா ஆடு" என்றான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. போகக் கூடாது என்றுதான் நினைத்தான். பத்து மணிக்கு இஸ்திரி போட்ட சட்டை அவன் உடம்பில் இருந்தது. "கறி வாங்கத்தானே போறீங்க? அதுக்கா இந்தச் சட்டை?" என்று யசோதா கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நடையைக் கட்டினான். ஹாலில் கடைசி வரிசை நாற்காலியில், முன்னால் இருந்தவர் முதுகுக்குப் பின்னால் மறைந்து உட்கார்ந்தான்.

அவள் ஆடினாள். அடேயப்பா, என்ன ஆட்டம்! முதல் சுற்று, இரண்டாம் சுற்று, அரை இறுதி என்று ஜோடி ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொரு வெற்றிக்கும் முனிராஜ் அவள் உள்ளங்கையில் அடித்தான். இவனோடு ஜெயித்த நாட்களில் முனிராஜ் ஒரு தடவையாவது அப்படி அடித்திருக்கிறானா? குஜிரிக்காரன் சீட்டு அவள் கைக்கு வரவே இல்லை. வராமலே போகட்டும் என்று குணசேகர் ஒரு கணம் வேண்டிக்கொண்டான். அடுத்த கணமே வந்து தொலையட்டும் என்றும் வேண்டிக்கொண்டான். எது நிஜம் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

இறுதி ஆட்டத்தில் வந்தது. எதிரில் கிரண் என்ற காலேஜ் பையனும் அவன் கூட்டாளியும். இரண்டு தெருவிலும் ஆறு ஆறு கடைகள். இன்னும் ஒரு கடை திறந்தவர்களுக்குக் கோப்பை. சங்கமித்ரா குஜிரிக்காரனை இறக்கினாள். கையை நீட்டி, கிரணின் செத்த சீட்டுக் குவியலின் மேல் இருந்த போளி வண்டியை எடுத்துத் தன் தெருவில் வைத்தாள். ஏழாவது கடை. முனிராஜ் துள்ளிக் குதித்தான்.

"ஏய், அது எங்க குவியல்!" என்று கிரண் எழுந்தான்.

நடுவர் வீணா வந்தாள். சீட்டைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே நிதானமாகச் சொன்னாள். "சொந்தக் குவியல்ல இருந்துதான் எடுக்கணும்மா. போன வருஷமே இதே சந்தேகம் வந்து அப்பவே முடிவு பண்ணிட்டோம்."

"சீட்டுல அப்படி எழுதலையே மேடம். செத்த சீட்டுல ஒண்ணுன்னுதான் இருக்கு."

"எழுதலைதான். அது எங்க தப்பு. ஆனா முடிவு அதுதான்."

சங்கமித்ரா விடவில்லை. "எங்க பஸ்ல எந்தச் சீட்டா இருந்தாலும் குணசேகரண்ணன்தான் படிச்சுச் சொல்லுவாரு. அவரோட நான் சண்டை போட்டுப் பாத்திருக்கேன் மேடம், பத்துக்கு ஒம்பது தடவை அவரு சொல்றதுதான் சரியா இருக்கும். போன வருஷம் இங்கயே வந்து ஆடியிருக்காரு. அப்படி ஒரு முடிவு இருந்தா நான் நேத்து கேட்டப்பவே சொல்லியிருப்பாரு." சொல்லிக்கொண்டே வந்தவள் கூட்டத்துக்குள் அவனைப் பார்த்துவிட்டாள். முகம் மலர்ந்தது. "அதோ உக்காந்திருக்காரு! அவரையே கேளுங்க!"

ஹால் மொத்தமும் திரும்பியது. முன்னால் இருந்தவர்கூட விலகி உட்கார்ந்தார். 'இதுக்கு நீ என்னா சொல்றே?' என்று இத்தனை பேர் ஒரே நேரத்தில் குணசேகரை அவன் ஆயுசில் கேட்டதில்லை.

"சார், நீங்களா இப்படிச் சொல்லிக் குடுத்தீங்க?" என்றாள் வீணா.

"நானா?" என்றான். நாக்கு தானாக ஓடியது. "நான் அப்படிச் சொல்லவே இல்லையே. அந்தப் பொண்ணு தானா என்னமோ ஆடுது."

முனிராஜ் இவனையே பார்த்துக்கொண்டிருந்தான். முதன்முதலில் ஹெல்மெட் தீர்ப்புச் சொன்னபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அவன்தான். சங்கமித்ரா போளி வண்டியை எடுத்துக் கிரண் குவியலில் திருப்பி வைத்தாள். அடுத்த கையில் கிரண் ஏழாவது கடையைத் திறந்தான். கைதட்டல் கேட்டபோது, உள்ளதைச் சொன்னால், குணசேகருக்கு நெஞ்சுக்குள் குளுகுளுவென்றுதான் இருந்தது. அந்தக் குளிர்ச்சி ஹால் வாசல்வரைகூட நிலைக்கவில்லை. கறி வாங்க மறந்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான்.

திங்கட்கிழமை பஸ்ஸில் அவன் இடம் காலியாக அவனுக்காகக் காத்திருந்தது. முனிராஜ் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்து, வணக்கத்துக்குப் பதில் சொல்லாமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். சங்கமித்ரா ஏறியதுமே பஸ் பிடித்துக்கொண்டது.

"பைனல்ல போய் விட்டுட்டீங்களாமே! என்னாச்சு?" என்று கேட்டார் சாமுவேல். பின் வரிசையில் உட்காரும் மெஷின் ஷாப் ஆள், ஊர்க்கதை கேட்பதில் பெரிய ஆர்வம் அவருக்கு.

முனிராஜ் சட்டென்று திரும்பினான். "என்னாச்சுன்னு நான் சொல்றேன்..."

"ஒண்ணும் இல்லண்ணா" என்று சங்கமித்ரா குறுக்கே விழுந்தாள். "குஜிரிக்காரனை நான்தான் சரியாப் படிக்கல. அவங்கவங்க குவியல்ல இருந்து எடுக்கணுமாம். அவசரத்துல கையை வச்சுட்டேன். என் தப்புதான்."

"அட, டிப்ளமா படிச்ச பொண்ணு நீயே இப்படிப் பண்ணா எப்படி?" என்று சாமுவேல் சிரித்தார். "இதுக்குத்தான் குணாவை அனுப்பியிருக்கணும்!" நாலைந்து பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

மாசக்கணக்காகக் குணசேகர் காது ஏங்கியது இந்த வார்த்தைக்குத்தான். வந்தேவிட்டது. தேனாக இனிக்க வேண்டியதுதானே? இனிக்கவில்லை. அவன் சங்கமித்ராவைப் பார்த்தான். அவள் இவன் பக்கம் பார்க்காமல், கோபமும் இல்லாமல், டிபன் பையை முழங்கால்மேல் நிமிர்த்தி வைத்துச் சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தாள். இவனைக் காப்பாற்றுகிறாளாம்! இவனுக்கு விட்டுக்கொடுக்கிறாளாம்! ஓஹோ, நல்ல மனசு என்ற பேரும் இவளுக்கே போக வேண்டுமா? குணசேகருக்கு உச்சந்தலைவரை எரிந்தது.

"ஏய், அது உன் தப்பு இல்ல!" என்று கத்திக்கொண்டே எழுந்தான். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "அது என் தப்பு. ஹெல்மெட்ல எதை வேணா எடுக்கலாம்னு சொன்னது நான். அது தப்புன்னு போன வருஷமே எனக்குத் தெரியும், இங்க வந்து சொல்லல. அன்னைக்கு நீ கேட்டப்பவும் சொல்லல. ஹால்ல பொய் சொன்னதும் நான்தான். எல்லாம் என்னோடது. அதுல எதையும் நீ எடுத்துக்காதே!"

அவன் ஹெல்மெட்டைத் தூக்கி, உள்ளே கிடந்த பழைய ஆட்டத்துச் சீட்டுகளை மடியில் கொட்டினான். இரண்டு சீட்டு கீழே விழுந்தது. முனிராஜ் எழுந்து வந்து அவற்றைப் பொறுக்கிக் கொடுத்தான். கொடுத்துவிட்டு, ஜோடி ஆடுகிறவன் உட்காரும் எதிர் இடத்தில் உட்கார்ந்தான்.

சங்கமித்ரா தன் ஹெல்மெட்டை எடுத்து, மல்லாத்தி, அவனுடையதற்குப் பக்கத்தில் வைத்தாள்.

"உங்க செத்த சீட்டு உங்க ஹெல்மெட்ல. எங்களோடது எங்க ஹெல்மெட்ல" என்றாள். குரல் கொஞ்சம் கறாராகத்தான் இருந்தது. இந்தத் தடவை 'அண்ணா' இல்லை.

ஆட்டம் தொடங்கியது. மேக்ரி சர்க்கிள் தாண்டும்போது, ஆட முன்னால் வந்திருந்த சாமுவேல் டிராஃபிக் போலீஸை இறக்கினார். 'ஒரு வண்டியை நிறுத்து' என்று அதில் இருந்தது. "போளி வண்டியும் இதுல சேருமா? இல்ல, ஆட்டோ மட்டுந்தானா?" என்று கேட்டுக்கொண்டே பழக்கத்தில் சீட்டைக் குணசேகர் பக்கம் நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. எல்லோரும் இவனைப் பார்த்தார்கள். சங்கமித்ரா தன் கையிலிருந்த சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குணசேகர் சீட்டை வாங்கினான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றவில்லை. வாங்கிய கையோடு அதை அவளிடம் நீட்டினான்.

"நீ படி" என்றான். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்வதற்குள் அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்துவிட்டு, சீட்டை வாங்கி, இரண்டு தடவை படித்தாள். "சக்கரம் இருந்தா வண்டிதான். படத்துல போளி வண்டிக்குச் சக்கரம் இருக்கு. அதனால அதுவும் நிக்கும்" என்றாள்.

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அவள் சரியாகத்தான் சொன்னாள். அதுதான் இன்னும் பொறுக்கவில்லை அவனுக்கு.